தொண்டூர்ப் பாறையில் ஒரு பழைய லேயர்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குள்ள வந்தது. மராத்தியர் காலத்துக் கோட்டைகள்னு மொத்தம் 12. அதுல தமிழ்நாட்டுக்கு இது ஒண்ணுதான். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது கோட்டையைப் பத்தி இல்ல. அதே செஞ்சி பக்கத்துல, தொண்டூர்ல, கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஒரு சின்னக் கல்வெட்டைப் பத்தி.

இயற்கையான குகைத்தளம். உள்ளே சமணத் துறவிகளுக்காக வெட்டின கற்படுக்கைகள். கூடவே தமிழ்-பிராமி எழுத்துல ஒரு கல்வெட்டு. காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில். சுருக்கமா அது சொல்றது: இளங்காயிபன் ஏவ, அகழூரார் அறமா, மோசி செய்த இருப்பிடம் இது. கவனிச்சீங்களா? ஏவினவர், கொடுத்த ஊர், செய்தவர்னு மூணு பேருக்கும் கிரெடிட் இருக்கு. ராஜா பேரு கிடையாது. அகலூர்னு ஒரு ஊர் இன்னைக்கும் பக்கத்துலயே இருக்கு.

ஆனா அங்க போய் நிக்கிற நமக்கு அந்த எழுத்தே தெரியாது. ஆழமில்லாத வெட்டு, தேய்ஞ்ச பாறை. இப்படிப்பட்ட இடங்கள்ல சிலர் எழுத்து மேல சாக்பீஸ் பூசிப் படிக்கப் பார்ப்பாங்க. அது கல்லுக்குக் கெடுதல். கல்வெட்டு ஆய்வாளர்களோட வழி மைப்படி. ஈரத் தாளைக் கல்லுல ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மேல மை ஒத்தி எடுப்பாங்க. பள்ளமான எழுத்து வெள்ளையா நிக்கும். கல் மேல வைக்கிற ஒரு லேயர்தான் அதுவும்.

அடுத்த லேயர் ஏஆர், அதாவது ஆக்மென்டட் ரியாலிட்டி ஆகலாமா? ஆகலாம், கவனமா செஞ்சா. ஜிபிஎஸ் மட்டும் போதாது. அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், பாறைக்கு அடியில இன்னும் மோசம். வெவ்வேறு கோணத்துல வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து, பாறைக்கு ஒரு முப்பரிமாண மாடல் செய்யணும். போனைத் தூக்கினா எழுத்து ஒண்ணொண்ணா ஒளிரணும், பக்கத்துல இன்றைய தமிழ் வரணும். சிக்னல் இல்லேன்னாலும் ஓடணும். டான்ஸ் ஆடுற துறவி பொம்மை எல்லாம் வேண்டாம்.

இதுல பெரிய சிக்கல் ஆயுள்தான். மெட்டா நிறுவனம் 2017ல ஆரம்பிச்ச ஸ்பார்க் ஏஆர் தளத்தை 2025 ஜனவரி 14ஆம் தேதி மூடிடுச்சு. வெளியிலிருந்து கலைஞர்கள் அதுல செஞ்சு போட்ட ஃபில்டர்கள் அதோட போச்சு. எட்டு வருஷம்கூட நிக்கல. மோசியோட வேலை 1,700 வருஷமா நிக்குது.

அதனால ஆப் செய்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடலையும் வாசகத்தையும் ஆப்புக்குள்ள மட்டும் பூட்டி வைக்காதீங்க. யாரும் இறக்கிக்கிற சாதாரண ஃபைலா பொதுவுல வைங்க. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அச்சுப் பிரதி கொடுங்க. கடைசியில உங்க டீம்ல வேலை செஞ்ச எல்லார் பேரையும் போடுங்க. ஏவினவர், கொடுத்தவர், செய்தவர்: ஃபார்மட் ஏற்கெனவே பாறையில இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.