டைட்டன்: ஒரு சொல்லின் வரலாறு

சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகள் சொற்களின் பொருளிலும் படிவதுண்டு. கிரேக்க புராணம் உலகுக்களித்த ‘டைட்டன்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

கி.மு. 700 அளவில் வாழ்ந்த கவிஞர் ஹீசியட் கூறும் கதையின்படி, வானுக்கும் பூமிக்கும் பிறந்த மூத்த தெய்வங்களே டைட்டன்கள். அப்பெயரும் தந்தை சினந்து இட்ட வசைப்பெயரே. சீயஸ் தலைமையிலான இளைய தேவரோடு அவர்கள் பத்தாண்டுகள் பொருது தோற்றனர். பாதாளச் சிறையில் அடைபட்டனர். அவர்கள் குலத்து அட்லஸ், வானத்தைத் தலையாலும் கைகளாலும் தாங்குமாறு தண்டிக்கப்பட்டான். தோற்றோரையும் சுமப்போரையும் குறித்த பெயர் அது.

பின்வந்தோர் வலிமையை மட்டும் எடுத்துக்கொண்டு விலங்கை மறந்தனர். 1795இல் ஜேர்மானிய இரசாயன அறிஞர் கிளாப்ரோத், பூமியின் புதல்வர்களான டைட்டன்களை நினைந்து ஓர் உலோகத்துக்கு டைட்டேனியம் எனப் பெயரிட்டார். நமது புல்மோட்டைக் கரிய மணலிலுள்ள இல்மனைற்று அவ்வுலோகத்தின் கனியமே. விஞ்ஞானத்தின் இவ்வழக்கில் தீங்கில்லை. ஆனால், 1914இல் வெளியான தியோடர் டிரைசரின் ‘டைட்டன்’ நாவலின் நாயகனோ, சிக்காகோவின் வீதிப் போக்குவரத்தைத் தன் பிடிக்குள் கொணர முனையும் முதலாளி. 1987 வரை அமெரிக்கா நிறுத்தி வைத்திருந்த ‘டைட்டன் 2’ ஏவுகணை ஒவ்வொன்றும் ஹிரோஷிமாக் குண்டின் ஏறத்தாழ 600 மடங்கு அழிவாற்றலைச் சுமந்தது.

1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் வரலாறும் இதுவே. நாளொன்றுக்கு 600 தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை அள்ளிப் போட்ட உலைக்களத் தொழிலாளரே அதனை இயக்கினர். முதலாம் வகுப்பினரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினரில் கால்வாசிப் பேரே கரைசேர்ந்தனர்.

2023 யூன் 18ஆம் திகதி, அச்சிதைவைக் காணச் சென்ற ‘டைட்டன்’ என்ற நீர்மூழ்கி, ஐவருடன் நொறுங்கியது. ஓர் ஆசனத்தின் விலை 250,000 டொலர். பல நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் தேடின. உலகப் பத்திரிகைகள் கதறின. அதற்கு நான்கு நாள் முன்னர், டைட்டன்கள் பிறந்த கிரேக்கத்தின் கடலிலேயே, ஏறத்தாழ 750 ஏழைக் குடிபெயர்வோரை ஏற்றி வந்ததாக மதிக்கப்படும் மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. தப்பியோர் 104 பேரே. அவர்கள் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

ஐவரின் மரணமும் துயரமே. ஆயினும், வானைச் சுமந்தவனின் குலப்பெயர் இன்று யாருடையது என்று நாம் கேட்டாக வேண்டும். அச்சொல்லைச் சுமப்போரிடமே மீட்டளிப்பது, வரலாறு கற்பிப்போரின் கடமையாகும்.