சளிக்குப் பெயர் தந்த உயிரணு

வடசென்னை மக்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றழைத்த மருத்துவமனையை ஒட்டி வளர்ந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த காலத்தில், மாதக்கணக்கில் இருமி இளைத்து வருபவரைக் கண்ட மருத்துவருக்கு முதலில் எழுந்த ஐயம் காசநோய்தான். அந்த ஐயம் எல்லாருக்கும் பொருந்தாது என்று காட்டியது, கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாக இழுத்த ஒரு துளி இரத்தம்.

படலத்தின் மேல் 1901இல் வில்லியம் லீஷ்மன் வகுத்த சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நீர் சேர்த்து ஊறவிட்டால் வெள்ளணுக்கள் இனம் பிரிந்து தெரியும். மூன்று முதல் ஐந்து மடலாகக் கரு பிரிந்திருப்பது நியூட்ரோஃபில். உருண்டைக் கரு செல்லையே அடைத்து நிற்பது லிம்ஃபோசைட். மூக்குக்கண்ணாடி போன்ற இருமடல் கருவும் செங்காவித் துகள்களும் கொண்டது ஈஸ்னோஃபில். இயோசின் சாயத்தை விரும்பி ஏற்பதால் இப்பெயர் பெற்ற இதனை, 1879இல் பால் எர்லிக் இனங்கண்டார். நூறு வெள்ளணுக்களை எண்ணி வகைக்கு எத்தனை என்று குறிப்பதே ஆய்வகத்தார் 'டிசி' என்னும் கணக்கு. அதில் ஈஸ்னோஃபில் ஆறைத் தாண்டுவது வழக்கமன்று.

அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோயைப் போலத் தோன்றி ஈஸ்னோஃபில் பெருகிய நோயாளிகளைப் பற்றி 1940இல் எழுதினர். 1943இல் வைன்கார்ட்டன் அந்நோய்க்கு 'வெப்பமண்டல ஈஸ்னோஃபிலியா' என்று பெயரிட்டு, ஆர்சனிக் ஊசி அதைத் தணிப்பதாகவும் அறிவித்தார். காரணம் மட்டும் பிடிபடவில்லை. பின்னர் யானைக்கால் நோய்க்கு வழங்கிய ஹெட்ரசான் மாத்திரைக்கும் நோய் பணிந்ததால் ஐயம் யானைக்காலுக்குக் காரணமான ஃபைலேரியாப் புழுவின் பக்கம் திரும்பியது. 1960இல் வேலூரில் வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்களிலேயே அதன் நுண்புழுக்களைக் கண்டுகாட்டினர்.

ஃபைலேரியாவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தேங்கிய சாக்கடை நீரில் பெருகுவது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி வாழும் வடசென்னைக்கு அது அயலன்று. எனினும் வெப்பமண்டல ஈஸ்னோஃபிலியா நோயாளியின் இரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் நுண்புழு பெரும்பாலும் அகப்படாது. உடலின் எதிர்ப்பு அதை உறுப்புகளுக்குள்ளேயே மடக்கி அழித்துவிடும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் எஞ்சும் சாட்சி, கன மில்லிமீட்டருக்கு மூவாயிரத்தையும் கடந்து நிற்கும் செந்துகள் அணுக்களே. நோயல்லாத அந்த உயிரணுவின் பெயரையே ஊரார் நோயாக்கி, விடாத தும்மலுக்கும் இழுப்புக்கும்கூட 'ஈஸ்னோபிலியா' என்று சொல்லிவருகின்றனர்.