ஓட்டையில் பொருந்தும், ஆனால் ஓடாது: சிப்செட்டின் நாற்பது வருடக் கதை

 

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து தேற்றாத்தீவிலும் அயலூர்களிலும் உள்ள பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சேர், வீட்டில கிடக்கிற பழைய கொம்பியூட்டருக்கு ரெம் கூட்டி, புரொசசர மாத்தினா போதுமா? இல்லாட்டி புதுசா வாங்கணுமா?"

இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. பதில் உங்கள் கணினியின் மதர்போர்ட்டில் இருக்கிறது. நம் பாடப்புத்தகம் தாய்ப்பலகை என்று சொல்வது அதைத்தான். அந்தப் பலகையில் சிப்செட் என்று ஒரு சில்லு உண்டு. அது எப்படி வந்தது, இவ்வளவு அதிகாரம் அதற்கு எப்படிக் கிடைத்தது என்ற வரலாறு தெரிந்தால், எது தேவையான செலவு, எது வீண் செலவு என்று நீங்களே பிரித்தறியலாம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

சிப்செட் என்ன செய்கிறது?

படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு வட்டவிதானையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கலாம், வயலும் தயாராக இருக்கலாம். ஆனால் எந்த வாய்க்காலில், எந்த நேரம், எவ்வளவு தண்ணீர் போகும் என்று பார்த்துக்கொள்வது வட்டவிதானை. கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது சிப்செட். புரொசசர், ரெம், ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி எல்லாவற்றுக்கும் இடையில் தகவல் போய்வருவதை அது ஒழுங்குபடுத்துகிறது. அதற்குத் தெரியாத புரொசசரையோ, அதன் கணக்கில் இல்லாத ரெம்மையோ எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் போட்டாலும் பயனில்லை.

ஆரம்பத்தில் சிப்செட் இல்லை

1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் கொம்பனி தனது முதலாவது பீசியை அறிமுகப்படுத்தியது. இன்டெல் 8088 புரொசசர், வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். அந்தப் பலகையில் நேரம் கணிக்க ஒரு சில்லு, விசைப்பலகை போன்றவை புரொசசரைக் கூப்பிடும்போது ஒழுங்குபடுத்த ஒரு சில்லு, நினைவகத்துக்கு நேரடியாகத் தகவல் அனுப்ப ஒரு சில்லு, இவற்றைச் சுற்றிப் பல சிறிய சில்லுகள் என்று பலகை நிறைந்து கிடந்தது. நினைவகம் 16 கிலோபைட்டில் ஆரம்பித்தது. கூட்ட வேண்டுமென்றால் ரெம் சில்லுகளை ஒவ்வொன்றாகக் குழிகளில் அழுத்திப் பொருத்த வேண்டும். பலகையிலேயே 64 கிலோபைட் வரை போகலாம்.

அந்தச் சில்லுகள் அநேகமாக எல்லாமே வெளிச்சந்தையில் கிடைத்தவை. ஆகவே மற்றக் கொம்பனிகளும் அதே போன்ற கணினியைச் செய்யத் தொடங்கின. 1984இல் ஐபிஎம் ஏடி என்ற அடுத்த மாதிரி வந்தபோது பலகை இன்னும் சிக்கலானது. சிறிய கொம்பனிகளுக்கு அதைப் பார்த்துச் செய்வது செலவான வேலையாகிவிட்டது.

ஐந்து சில்லுகள் செய்த மாற்றம்

முன்பு இன்டெலில் வேலை செய்த கோர்டன் கெம்பல் என்பவர் தொடங்கிய 'சிப்ஸ் அண்ட் டெக்னோலொஜீஸ்' என்ற அமெரிக்கக் கொம்பனி, 1986 அளவில் ஏடி பலகையின் சிதறிக் கிடந்த வேலைகளைத் திரட்டி ஐந்து சில்லுகள் கொண்ட ஒரு தொகுதியாக விற்றது. சிப்செட் என்றால் சில்லுத் தொகுதி, அவ்வளவுதான். அதை வாங்கி, ஒரு புரொசசரையும் ரெம்மையும் சேர்த்தால் யாரும் ஐபிஎம்முக்கு ஒத்த கணினி ஒன்றைச் செய்துவிடலாம் என்ற நிலை வந்தது. தாய்வான் கொம்பனிகள் மதர்போர்ட் செய்து உலகம் முழுக்க அனுப்பின. கணினி விலை இறங்கி, நம்மைப் போன்ற ஊர்களின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எவ்வளவு ரெம் போடலாம், எந்த வகை போடலாம், எந்தப் புரொசசர் ஓடும் என்ற எல்லைகள் எல்லாம் அதற்குப் பிறகு அந்தத் தொகுதிக்குள் எழுதப்பட்டுவிட்டன. சில்லைச் செய்தவர் வைத்ததே எல்லை. 1990களில் இன்டெல் தானே சிப்செட் சந்தையில் பலமாக இறங்கியது. 1997இல் அந்த முன்னோடிக் கொம்பனியையே வாங்கப்போவதாகவும் அறிவித்தது.

ரெம் கூட்டினால் வேகம் குறையுமா?

குறைந்த காலமும் உண்டு. 1997இல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் 256 மெகாபைட் வரை ரெம் ஏற்றது. ஆனால் பலகையில் இருந்த கேஷ் என்ற வேக நினைவகத்தின் உதவி முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டும்தான். அதற்கு மேல் போட்ட ரெம் கேஷின் உதவியின்றி மெதுவாகவே இயங்கியது. காசு கொடுத்து ரெம் கூட்டியவர்களில் சிலர், சாதாரண வேலைகளில் கணினி முன்பைவிட மந்தமாகிவிட்டதைக் கண்டார்கள். ரெம்மில் பிழையில்லை, புரொசசரிலும் பிழையில்லை. நடுவில் இருந்த சில்லின் எல்லை அது.

சொக்கெட் ஒரு வேலியான கதை

அதே 1997 வரை இன்டெலின் பென்டியம், ஏஎம்டியின் கே6 இரண்டும் 'சொக்கெட் 7' என்ற ஒரே குழியில் பொருந்தின. அந்த வருடம் பென்டியம் 2ஐ 'ஸ்லொட் 1' என்ற புதிய அமைப்பில் இன்டெல் கொண்டுவந்தது. ஏஎம்டி அதைப் பாவிக்க முடியாது. ஏஎம்டி பழைய சொக்கெட்டின் வேகத்தைக் கூட்டி, தாய்வானின் வியா, அலி ஆகிய சிப்செட் கொம்பனிகளின் துணையோடு 'சூப்பர் 7' என்று தொடர்ந்தது. சொக்கெட்டின் வடிவம் வெறும் பொறியியல் மட்டுமல்ல, வியாபார வேலியும்தான் என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

1999 நவம்பரில் இன்டெல் 820 சிப்செட் வந்தது. அது ரெம்பஸ் என்ற புதிய, விலை கூடிய நினைவகத்துக்காகச் செய்யப்பட்டது. சாதாரண எஸ்டிரெம் பாவிக்க வேண்டுமானால் இடையில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லு வைக்க வேண்டும். அந்தச் சில்லில் குறை இருந்தது. 2000 மே மாதம் அது பொருத்திய பலகைகளை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவிக்க வேண்டி வந்தது. கடைசியில் சந்தை மலிவான டிடிஆர் பக்கம் போனது. உலகத்தின் பெரிய கொம்பனியாலும் எல்லாப் பொருத்தத்தையும் கட்டாயப்படுத்த முடியவில்லை.

இன்றும் நம் வீடுகளில் இருக்கும் பலகைகள்

நம் பகுதியில் இன்னும் மேசை மேல் இருக்கும் பழைய கணினிகளைத் திறந்தால் அடிக்கடி காண்பது இன்டெலின் ஜி31, ஜி41, எச்61 சிப்செட்டுகள்.

ஜி31, ஜி41 இரண்டும் 775 தொடுமுனைகள் கொண்ட சொக்கெட்டோடு வருபவை. அந்த சொக்கெட் 2004இல் வந்தது. 2006இல் கோர் 2 டுவோ புரொசசர் வந்தபோது அதே 775 குழியில் அழகாக இருந்தது. ஆனால் முந்திய பலகைகளில் பெரும்பாலானவற்றில் ஓடவில்லை. அதற்குத் தேவையான மின்னழுத்தத்தைக் கொடுக்க அந்தப் பலகைகளுக்கு முடியவில்லை. 'குழியில் இருந்தால் சரி' என்ற நம்பிக்கை உடைந்த இடம் இது.

ஜி31 டிடிஆர்2 மட்டுமே ஏற்கும். ஜி41 பலகைகளில் சில டிடிஆர்2, சில டிடிஆர்3. டிடிஆர்3 ஜி41இல் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சில்லுகள் உள்ள 4 ஜிபி ரெம்மை அது சரியாக அடையாளம் காணாது. இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் உள்ள பழைய வகை 4 ஜிபி வேண்டும். காரணம், ஒவ்வொரு சில்லிலும் எவ்வளவு அடங்கலாம் என்ற எல்லை அந்த சிப்செட்டுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ரெம்மும் டிடிஆர்3, பலகையும் டிடிஆர்3, ஆனாலும் கணினி எழும்பாது. கடைக்காரரோடு சண்டை பிடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

எச்61 2011இல் வந்தது. சொக்கெட் 1155, டிடிஆர்3, கூடியது 16 ஜிபி. இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 ஓடும். மூன்றாம் தலைமுறை 2012இல் வந்தது. பயோஸைப் புதுப்பித்தால்தான் அதைப் பலகைக்குத் தெரியும். நான்காம் தலைமுறை 1150 சொக்கெட், குழியிலேயே இருக்காது. 1156, 1155, 1150, 1151 என்று எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று மற்றதற்குப் பொருந்தாது.

ரெம்மின் கதவு இடம் மாறியது

2003 செப்டெம்பரில் ஏஎம்டி தனது அத்லொன் 64 புரொசசரில் ஒரு பெரிய மாற்றம் செய்தது. ரெம்மைக் கட்டுப்படுத்தும் பகுதியை சிப்செட்டிலிருந்து எடுத்துப் புரொசசருக்குள்ளேயே வைத்தது. இன்டெல் இதை 2008 நவம்பரில் முதலாவது கோர் ஐ7இல் செய்தது. அதன் பிறகு எந்த வகை ரெம் என்பதைப் பெரும்பாலும் புரொசசரும் பலகையில் உள்ள ரெம் குழியுமே தீர்மானிக்கின்றன. உதாரணமாக, இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறை டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் பலகையில் எந்தக் குழி இருக்கிறதோ அது மட்டும்தான். டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் முனைகள் ஒரே 288. வெட்டு இருக்கும் இடம் வேறு. மின்னழுத்தமும் வேறு. அழுத்திப் பொருத்த முயன்றால் உடைவதுதான் மிச்சம்.

அப்படியானால் சிப்செட்டின் அதிகாரம் போய்விட்டதா? இல்லை. 2017 ஒக்டோபரில் இன்டெல் எட்டாம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் அதே 1151 சொக்கெட்டில் வந்தன. ஆனால் 100, 200 தொடர் சிப்செட் பலகைகளில் ஓடவில்லை, 300 தொடர் வேண்டும் என்றார்கள். ஆறு கோர்களுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், அதற்காக முனைகளின் வேலையை மாற்றினோம் என்பது இன்டெலின் விளக்கம். பிறகு ஆர்வலர்கள் சிலர் பயோஸை மாற்றி, சில முனைகளை மறைத்து, பழைய பலகைகளிலேயே அவற்றை ஓட்டிக் காட்டினார்கள்.

ஏஎம்டியும் இதற்கு விலக்கல்ல. 2020 மே மாதம், அடுத்த தலைமுறை ரைசன் புரொசசர்கள் 400 தொடர் பலகைகளில் ஓடாது என்று சொன்னது. பயோஸ் சில்லில் இடம் போதாது என்பது ஒரு காரணம். பாவனையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதத்திலேயே முடிவு மாறியது. 2022இல் 300 தொடர் பலகைகளுக்கும் அனுமதி வந்தது. 2017இல் வாங்கிய ஒரு பலகை ஐந்து வருடத்துக்குப் பிறகும் புதிய புரொசசரை ஏற்றது, ஆட்கள் கேட்டதால்.

இந்த வரலாற்றில் நான் காண்பது இதுதான். 'பொருந்தாது' என்ற சொல்லுக்குள் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மின்சாரமும் இயற்கையும் வைத்த எல்லை. மற்றது கொம்பனி வைத்த எல்லை. முதலாவதோடு மல்லுக்கட்டக் கூடாது. இரண்டாவதைக் கேள்வி கேட்கலாம்.

விண்டோஸ் 11 எந்த வகை?

2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், ஒரு சிலவற்றைத் தவிர எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் புரொசசரையும் கேட்கிறது. எச்61 பலகைக்கு எட்டாம் தலைமுறை வராது. ஆகவே விண்டோஸ் 11க்காக என்று சொல்லி அந்தப் பழைய பலகைக்கு ரெம் வாங்குவது வீண் செலவு. ஆனால் அதே கணினி லினக்ஸ் போட்டால் நன்றாக வேலை செய்யும். பிள்ளை லிப்ரே ஒபிஸில் எழுத்து வேலை, விரிதாள் எல்லாம் பழகலாம். பைதன் எழுதலாம்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாயைத் தாண்டியதை நாம் யாரும் மறக்கவில்லை. கணினிப் பாகங்கள் டொலரில் வருபவை. ஒரு பிழையான ரெம், ஒரு பிழையான புரொசசர் என்பது கூலி வேலை செய்கிற, தோட்டம் செய்கிற ஒரு வீட்டுக்குச் சின்ன இழப்பல்ல. ஆகவே வாங்க முதல் இவற்றைச் செய்யுங்கள்.

1. விண்டோஸில் தேடும் இடத்தில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, பேஸ்போர்ட் என்று இருக்கும் வரிகளில் பலகையின் கொம்பனியையும் மாதிரியையும் எழுதிக்கொள்ளுங்கள். பயோஸ் பதிப்பையும் குறியுங்கள்.

2. அந்தக் கொம்பனியின் இணையத்தளத்தில் அந்த மாதிரிக்குரிய புரொசசர் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் இல்லாததை வாங்காதீர்கள். எந்த பயோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்பதும் அதில் இருக்கும்.

3. பயோஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் பலகையே எழும்பாமல் போகலாம். யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

4. ரெம் வாங்கும்போது பழைய ரெம்மைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். வகை, வேகம், சில்லுகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

5. வேகம்தான் தேவை என்றால், முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுவதை யோசியுங்கள். மேலே சொன்ன பழைய பலகைகளிலும் அது வேலை செய்யும். பல வீடுகளில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டால் கலங்கிய தண்ணீர் தெளியும் என்பது இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லித் தந்தது. காசைக் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துப் பலகையின் பெயரை வாசியுங்கள், அது போதும். உங்கள் பலகையின் மாதிரியைக் கொமென்டில் போடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்த மற்றவர்களும் சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் படிப்புக் காசு வீணாகாமல் இருக்கட்டும்.