வடிகால் ஓரத்தில் பிறந்த நடைவழிகள்: பாசிர் ரிஸ் வட்டாரத்தில் பூங்கா இணைப்புப் பாதைகளின் வளர்ச்சி

பாசிர் ரிஸ், சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் உபின் தீவுக்கு எதிரே அமைந்த குடியிருப்பு நகரம். இங்கிருந்து கிழக்கே சாங்கிக்கும், மேற்கே லோரோங் ஹாலுஸ் வழியாகப் பொங்கோலுக்கும், உள்நோக்கித் தெம்பனிசுக்கும் மர நிழலில் நடந்தே போகலாம். இப்பாதைகளில் பெரும்பாலானவை முன்னோர் நடந்து நடந்து தேய்ந்த தடங்கள் அல்ல. கடலைத் தூர்த்த மண்ணிலும் வடிகால்களின் ஓரத்திலும் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் போடப்பட்டவை. அந்த வடிகால் ஓரத்திலிருந்துதான் சிங்கப்பூர் நடைவழிகளின் வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

நெடுந்தூர நடைவழிகளுக்குப் பெயர்பெற்ற பிரான்சில் கதை வேறு. அங்கே 1947ல் லுவார் ஆற்றங்கரையில் ஓர்லியான் நகரை ஒட்டி முதல் நெடுவழிக்குக் குறியிட்டார்கள். புதிய பாதை எதையும் வெட்டவில்லை. திராட்சைத் தோட்டங்களின் இடைவழிகள், ஊர்களை இணைக்கும் வண்டிப்பாதைகள், ஆற்றுக்கரைத் தடங்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்பு என இரு பட்டைகளைத் தீட்டி அவற்றை ஒரே வழியாகக் கோத்தார்கள்.

சிங்கப்பூரில் அப்படிக் கோப்பதற்குப் பழைய தடம் அதிகம் மிஞ்சவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாசிர் ரிஸ் என்றால் கம்பங்கள் எனப்படும் மலாய்ச் சிற்றூர்கள், தென்னந்தோப்புகள், பண்ணைகள், விடுமுறைக்கு வருவோர் தங்கும் கடற்கரைப் பங்களாக்கள். ‘பாசிர்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு மணல் என்று பொருள். 1970களின் இறுதியில் அந்த மணற்கரைக்கு அப்பால் கடல் தூர்க்கப்பட்டது. 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. 1989 டிசம்பர் 16 அன்று எம்ஆர்டி ரயில் பாசிர் ரிஸ் வரை வந்தது. கம்பங்கள் போனபோது அவற்றை இணைத்த ஒற்றையடிப் பாதைகளும் போயின.

எல்லாம் போய்விடவில்லை. கரையைத் தூர்த்தபோது சுமார் 6 ஹெக்டேர் சதுப்புக்காடு காக்கப்பட்டது. இன்று ஏறக்குறைய 70 ஹெக்டேர் பரப்புள்ள பாசிர் ரிஸ் பூங்காவின் உயிர்நிலை அதுதான். கடல் வற்றும் நேரத்தில் அங்குள்ள பலகைப் பாதையில் நின்று குனிந்து பார்த்தால், சேற்றுக்கு மேலே பென்சில் முனைகளைப் போல மூச்சுவேர்கள் நெருங்கி நிற்பது தெரியும். அவற்றினிடையே சேற்று மீன் துடுப்பை ஊன்றி ஊர்ந்து, ஒரு துள்ளலில் அடுத்த குழிக்குப் போகும். அந்த வேர்களை அனுப்பும் மரத்தை மலாய்க்காரர்கள் ‘அப்பி அப்பி’ என்பார்கள். பிச்சாவரத்தில் வெண்கண்டல் என்று அழைக்கப்படும் மரத்தின் இனம் அது. வேர் உறிஞ்சும் உப்பை இலை வழியே வெளியேற்றும் மரமாதலால், இலையைத் தடவிய விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். ‘அப்பி’ என்றால் நெருப்பு. இம்மரத்தில் மொய்க்கும் மின்மினிகளால் வந்த பெயர் என்பர். பூங்காவை ஊடறுத்துக் கடலில் சேரும் சுங்கை அப்பி அப்பிக்கும் இம்மரத்தின் பெயரே. மரத்தைக் காத்ததால் ஆற்றின் பெயருக்கும் பொருள் தங்கியது.

புதிய நகரங்கள் எழுந்தபோது வெள்ளத்தைத் தடுக்க ஆறுகளும் ஓடைகளும் அகலமான வடிகால்களாக மாற்றப்பட்டன. ஒவ்வொரு வடிகாலின் கரையிலும் பராமரிப்பு வண்டி வந்துபோக ஒரு கீற்று நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் கட்டடம் எழுப்ப முடியாது. ஆனால் அது உள்நாட்டிலிருந்து கடல் வரை அறுபடாமல் ஓடுவது. கையகல நிலத்துக்கும் போட்டி நிலவும் தீவில் பாதைக்கென்று தனியே நிலம் ஒதுக்குவது எளிதன்று. இருக்கும் கீற்றுக்கு இரண்டாவது வேலையைத் தரலாம் என்று கண்டதே இந்த வரலாற்றின் திருப்புமுனை. சாலை ஓரத்து ஒதுக்கு நிலமும் மேம்பாலங்களின் அடிப்பகுதியும் பின்னர் அதே கணக்கில் சேர்ந்தன.

பூங்காக்களை இவ்வாறு இணைக்கும் திட்டத்துக்குப் பூந்தோட்ட நகரச் செயற்குழு 1991ல் இசைவளித்தது. அதே ஆண்டின் நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டமும் பசுமையையும் நீர்நிலைகளையும் ஒன்றாகக் கருதியது. முதல் இணைப்பு காலாங் ஆற்றை ஒட்டி அமைந்தது. ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த இடத்தில் துண்டு துண்டாகவே பாதைகள் வந்தன. ஒரு துண்டு முடியும் இடத்தில் சாலையோ வேலியோ குறுக்கிடும். நடப்பவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இக்குறையைத் தீர்த்தது வளையம் என்ற கருத்து. 2007 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் திறந்த கிழக்குக் கரை வளையமே நாட்டின் முதல் வளையம். நீளம் 42 கிலோமீட்டர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, சாங்கிக் கடற்கரைப் பூங்கா, பாசிர் ரிஸ் பூங்கா, பிடோக் நீர்த்தேக்கம் ஆகியவை ஒரே சுற்றில் இணைந்தன. இணைப்புத் திட்டத்தின் எல்லாத் திறப்புகளிலும் இதையே முதன்மையாகக் கொள்ளலாம். அதுவரை பூங்காவுக்குப் போகும் வழியாக மட்டும் இருந்தது, அதற்குப் பிறகு நடப்பதற்கே உரிய இடமாயிற்று. பிரான்சின் நடைவழியில் ஊருக்கு ஊர் பழைய தேவாலயம் எதிர்ப்படும். இங்கே பாசிர் ரிசுக்குக் கிழக்கே லோயாங்கில், சீனத் தெய்வங்களும் பிள்ளையாரும் மலாய் டத்தோவும் ஓரிடத்தில் வணங்கப்படும் துவா பெக் கோங் கோயில் இருக்கிறது. கடற்கரையில் தோன்றிப் பின்னர் இடம்பெயர்ந்த கோயில் அது.

மேற்குத் திசை திறந்தது 2011ல். லோரோங் ஹாலுஸ் 1999 வரை தீவின் குப்பை கொட்டும் இடம். குப்பையிலிருந்து கசியும் நீரை நாணல் படுகைகளில் தேக்கிச் சுத்திகரிக்கும் ஈரநிலமாக அது மாற்றப்பட்டது. சிராங்கூன் ஆற்றின் மேலுள்ள பாலம் பாசிர் ரிசைப் பொங்கோலுடன் சேர்த்தது. அங்கிருந்து கோனி தீவை எட்டலாம். அத்தீவு 2015 அக்டோபரில் பூங்காவானது.

பழைய தடமே நடைவழியான எடுத்துக்காட்டு சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு. மலாயா ரயில்வேயின் கடைசி ரயில் 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் நிலையத்தைவிட்டுப் புறப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே, தண்டவாள நிலத்தைத் துண்டாடாமல் பசுமைவழியாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் கோரியிருந்தது. அப்படிக் காக்கப்பட்ட 24 கிலோமீட்டர் தடத்தில் தமிழர் உழைப்பும் கலந்திருக்கிறது. குவீன்ஸ்வே அருகே ரயில்வேத் தொழிலாளர்கள் 1930களில் தண்டவாள ஓரம் எழுப்பிய சிறு கோயிலே, இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம்.

பூங்கா இணைப்புகளின் மொத்த நீளம் 2015ல் 300 கிலோமீட்டரைத் தொட்டது. பாதை நீண்டபோது நெரிசலும் கூடியது. நடப்பவர், ஓடுபவர், மிதிவண்டிக்காரர் மூவருக்கும் ஒரே பாதை என்பதால், 2018ல் நடப்புக்கு வந்த சட்டம் மணிக்கு 25 கிலோமீட்டர் என வேகத்துக்கு வரம்பிட்டது. கைத்தடி ஊன்றி வரும் முதியவருக்கு அந்த வேகமும் அதிகம்தான். பாதையை அகலப்படுத்துவதும் நடப்போருக்கென்று தனிப்பகுதி ஒதுக்குவதுமே இதற்குச் சரியான தீர்வு.

2019 மார்ச்சில் ஜூரோங் ஏரிப் பூந்தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர் கரைக்குக் கரை வழி திறக்கப்பட்டது. தீவை முழுதாகச் சுற்றும் 150 கிலோமீட்டர் வழி 2011ல் அறிவிக்கப்பட்டு, அதன் கிழக்குப் பகுதியான 75 கிலோமீட்டருக்கான பணி பின்னர் தொடங்கியது. பாசிர் ரிஸ் பூங்காவின் கரையோரப் பாதை அந்தக் கிழக்குப் பகுதியில் அடங்கும்.