பிடியும் அடியும்: வைஸ் கிரிப்பில் ஸ்லைட் ஹேமர் இணைந்த வரலாறு, திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து

இறுகிப்போன இரும்பைக் கழற்ற இரண்டு வழிகள் உண்டு: பின்னாலிருந்து தள்ளலாம், முன்னாலிருந்து இழுக்கலாம். தள்ளுவதற்குச் சம்மட்டியும் ஒரு குத்தூசியும் போதும். ஆனால் பின்பக்கம் அவை நுழைய இடம் வேண்டும். சிலிண்டர் ஹெட்டில் இறங்கியிருக்கும் டீசல் இன்ஜெக்டருக்குப் பின்னால் எரியறைதான் இருக்கிறது. அடிமூடிய குழியில் அமர்ந்த பெயரிங்கிற்குப் பின்னால் வார்ப்பிரும்புச் சுவர். வாகனத்தின் கதவு உள்ளே நசுங்கினால் அதன் மறுபக்கத்தைப் பெட்டிபோல் மூடிய தகடு மறைத்துவிடுகிறது. இவ்விடங்களில் இழுப்பதைத் தவிர வழியில்லை. வைஸ் கிரிப் எனப்படும் பூட்டுக் குறட்டின் வாலில் ஒரு கம்பியைப் பொருத்தி, அக்கம்பியில் ஓர் எடைக்கட்டியைச் சறுக்கவிட்டு, கம்பியின் நுனித் தடையில் மோதவைக்கும் கருவி இந்தத் தேவைக்குப் பிறந்தது. பொருளைப் பற்றுதல், பற்றைக் காத்தல், அடித்தல் என்ற மூன்று வேலைகளும் வெவ்வேறு காலங்களில் மனிதக் கையிலிருந்து விடுபட்டன. அவற்றை ஒன்றாகக் கோத்த கடைசி இணைப்பு பழுதுபார்க்கும் பட்டறையிலேயே நிகழ்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அதை நிறுவ உப்புக்காற்றும் பழைய எஞ்சின்களும் ஒன்றுசேர்ந்த திருகோணமலைத் துறைமுகப் பகுதியைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் குறைவு.

பிரித்தானியக் கடற்படையின் காலத்தில் இத்துறைமுகத்தில் நடந்த வேலை பெரும்பாலும் தள்ளும் வேலை. கப்பலின் சுழலித்தண்டு இணைப்புகளிலுள்ள பெரிய போல்ட்டுகளைக் கழற்ற, கனத்த இரும்புத் தண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பலர் சேர்ந்து ஆட்டி மோதுவது கப்பல் தளங்களின் பொதுவழக்கம். அதற்கு ஆள்பலமும் வேண்டும், தண்டு ஆட இடமும் வேண்டும். 1944இல் இங்கே பாரிய மிதக்கும் தளம் ஒன்று இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி, வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தாங்கி நின்ற நிலையிலேயே அது உடைந்து மூழ்கியது. கப்பல் தப்பினாலும் அதன் அடிப்பகுதி பலத்த சேதமடைந்தது. பேரரசுகளின் பழுதுபார்ப்பு எவ்வளவு பெரிய அமைப்புகளை நம்பி இயங்கியது என்பதற்கு அந்த விபத்தே சான்று. துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் அதே அளவில் யோசித்தவர்கள் கட்டியவை. ஏறக்குறைய நூறு தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளும். 1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தபின், துறைமுகத்தைச் சுற்றிய பழுதுவேலையின் அளவு வேறானது. ஏறத்தாழ அதே காலத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பூட்டும் அரசுத் திட்டம் தொடங்கியது. மூன்றரைத் தொன் படகுகளும், பின்னர் அவுட்போர்ட் எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளும் பரவின. போர்க்கப்பலுக்கு ஒரு தளமும் நூறு ஆட்களும் தேவைப்பட்ட இடத்தில், திருகோணமலையின் கொட்பேயில் கரையேறிய மீன்பிடிப் படகுக்கு ஒரு மெக்கானிக்கும் அவரது பெட்டியும் போதும் என்றாகிவிட்டது. ஒற்றை ஆளின் பெட்டியில் அடங்கும் இழுப்புக் கருவிக்கு இங்கேதான் இடம் உருவாகிறது.

கருவியின் முதல் பாதி வெகு தொலைவிலிருந்து வந்தது. டென்மார்க்கிலிருந்து குடியேறி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள டிவிட் என்ற சிற்றூரில் கொல்லுவேலை செய்த வில்லியம் பீட்டர்சன், 1921இல் தன் குறட்டுக்கு முதற் காப்புரிமை பெற்றார்; கைப்பிடியை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு 1924இல் பெற்றார். அதன் நுட்பம் எளியது: கைப்பிடியுள் இருக்கும் இணைப்புத்தண்டு நேர்கோட்டைச் சற்றே தாண்டியதும் தாடைகள் திரும்பித் திறக்கமாட்டா. பற்றிய கை ஓய்ந்தாலும் பற்று ஓயாது. கைப்பிடியின் வாலில் ஒரு திருகாணி இருக்கிறது. தாடை எவ்வளவு திறக்கவேண்டும், எவ்வளவு இறுகவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது; வேறு வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. எடைக்கட்டியைத் தண்டில் சறுக்கவிட்டு மோதவைக்கும் கருத்தோ தனியாகவே வளர்ந்தது. பல் வைத்தியர்கள் பல்லில் பொருத்திய உறையைக் கழற்றச் சிறு சறுக்குச் சுத்தியல் (ஸ்லைட் ஹேமர்) வைத்திருக்கிறார்கள். ஜெர்மானிய அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1940இல் தொடையெலும்பின் உட்குழலில் செலுத்தும் உலோகத் தண்டை அறிமுகம் செய்தபின், அத்தண்டைத் திரும்ப எடுக்கும் சிக்கல் எலும்பு மருத்துவத்துக்கு வந்தது. இன்றும் அறுவைக்கூடங்களில் அதற்குச் சறுக்குச் சுத்தியல் உண்டு, முறிந்த தண்டைக் கவ்வ வைஸ் கிரிப் பூட்டிய வடிவமும் உண்டு. கராஜில் துருப்பிடித்த இன்ஜெக்டரை இழுப்பவரும் அறுவைக்கூடத்தில் எலும்பிலிருந்து எஃகை இழுப்பவரும் ஒரே முடிவுக்கு வந்திருப்பது, இக்கருவி தேவையின் வடிவத்தைப் பின்பற்றி எழுந்தது என்பதற்கு வலுவான ஆதாரம்.

இணைப்பு எங்கே நிகழ்ந்தது என்பதற்குக் கருவியே சாட்சி சொல்கிறது. இன்று கடையில் விற்கும் இழுப்புத் தொகுதிகளில் பல அளவு மரைகளுக்கேற்ற இணைப்பான்கள் கூடவே வருகின்றன. குறடும் சுத்தியலும் ஒரே மேசையில் ஒன்றுக்கொன்று பொருந்த வரையப்பட்டிருந்தால் ஒரே மரை போதும். ஏற்கெனவே ஆட்களின் பெட்டியில் கிடக்கும் குறடுகளுக்குப் பொருத்தவேண்டியிருப்பதால்தான் இத்தனை அளவுகள். பீட்டர்சன் இறுக்கத்தைச் சரிசெய்ய வைத்த வால்திருகாணியைக் கழற்றி, அதே மரையில் நீண்ட கம்பியைச் செலுத்தலாம் என்று கண்டவர், குறட்டைப் பயன்படுத்தியவராகவே இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

செய்முறையைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். சாதாரண லேத் பட்டறையில் 16 மில்லிமீற்றர் உருண்டைக் கம்பியின் ஒரு முனையைக் குறட்டின் மரைக்குக் கடைந்துகொள்வார்கள். மரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பழைய திருகாணியை மரை அளவுகோலால் அளந்தே தொடங்கவேண்டும். கம்பியின் நுனி பழைய திருகாணியின் நுனிபோலவே வழுவழுப்பாக உருண்டிருக்கவேண்டும், ஏனெனில் இணைப்புத்தண்டு அதன்மேல்தான் சாய்கிறது. 60 மில்லிமீற்றர் விட்டமும் 120 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட இரும்புக்கட்டியை நடுவில் துளைத்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை கிடைக்கும். கட்டி தடையில் மோதும் விளிம்பில் விரல் நசுங்காதபடி கைபிடிக்கும் இடத்தை ஒடுக்கிக் கடைவது அவசியம். குறட்டில் நேரடியாக வெல்டிங் அடிப்பது குறுக்குவழி. தாடைக்கு அருகில் அடித்தால் சூட்டில் அதன் பதம் இறங்கி, பற்கள் மழுங்கிப்போகும். மரைவழி இணைப்புக்கு இன்னொரு மேன்மையும் உண்டு. 80 நியூட்டன் விசையுடன் 25 சென்ரிமீற்றர் தூரம் கட்டியை இழுத்தால் 20 ஜூல் ஆற்றல் சேரும். மோதலில் அது ஒரு மில்லிமீற்றருக்குள் நின்றால் சராசரி விசை 20,000 நியூட்டன், ஏறக்குறைய இரண்டு தொன். கொக்கியோ சங்கிலியோ இடையிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் தளர்வு கொடுத்தால் அது 4,000க்கு இறங்கிவிடும். ஆகவே கம்பியும் குறடும் ஒரே உடலாக நிற்பதில்தான் கருவியின் பலம் முழுதும் இருக்கிறது. இதை ஏட்டில் கணக்கிடாதவரும் அடியின் ஓசையில் கண்டுகொள்வார். தளர்ந்த இணைப்பு மந்தமாக ஒலிக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இத்தகைய கைவினை பஞ்சத்தின் பிள்ளை. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டிலும், உள்நாட்டுப் போர்க்காலத் தடைகளிலும், 2020 முதல் 2025 வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையிலும் உதிரிப்பாகம் கிடைக்காததால் பிறந்த ஒப்பேற்றல்தான் இது என்பர். அக்காலங்கள் பழைய பாகத்தை எறியாமல் காக்கும் பழக்கத்தை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. இன்ஜெக்டரை உடைத்தெடுத்துப் புதிது வாங்க முடியாதவருக்கு அதை முழுதாக வெளியே எடுப்பது வாழ்வாதாரம். ஆனால் கடைகள் நிறைந்த அமெரிக்காவிலும் இதே கருவியைக் கைப்படச் செய்கிறார்கள். பஞ்சம் காரணமென்றால் அங்கே அது தோன்றியிருக்கக் கூடாது. இரு இடங்களுக்கும் பொதுவானது துரு. வடஅமெரிக்கக் குளிர்நாடுகளில் பனி உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு செய்வதைத் திருகோணமலையில் கடற்காற்று செய்கிறது. அவுட்போர்ட்டின் கீழ்க்கால் அலுமினியம், அதில் இறங்கும் போல்ட்டுகள் எஃகு. உப்புநீர் இரண்டுக்கும் இடையே மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியத்தை அரித்து வெண்தூளாக்கி இடைவெளியை அடைத்துவிடுகிறது. சுழலித்தண்டின் பெயரிங் தாங்கி இவ்வாறு இறுகினால் பின்னாலிருந்து தள்ள வழியே கிடையாது.

ஹைட்ரோலிக் இழுப்பான் வந்தபின் இது பழங்கதை என்பது இன்னொரு மறுப்பு. விசையின் அளவில் அது சரி. ஆனால் ஹைட்ரோலிக் இழுப்பான் ஊன்றிக்கொள்ள எதிரே உறுதியான பரப்பு வேண்டும். நசுங்கிய கதவுத் தகட்டில் டிங்கரிங் வேலை செய்பவர் அதை எதன்மேல் ஊன்றுவார்? சறுக்குச் சுத்தியலுக்கு ஊன்றுமிடம் கட்டியின் சடத்துவமே. மேலும் துருவின் பிணைப்பு, சீரான இழுப்பைவிடத் திடீர் அதிர்வுக்கு எளிதில் உடையும். அந்த அதிர்வுதான் இக்கருவியின் குறையும்கூட: பலமுறை அடித்தால் குறட்டின் பூட்டு தளர்ந்து திறந்துகொள்ளலாம், பெயரிங்கின் ஓடுபாதையில் குழி விழலாம். திரும்பப் பூட்டவேண்டிய பெயரிங்கை இதனால் இழுக்கக் கூடாது.

படகின் எஞ்சின் குழிக்குள் கணக்கு சற்று மாறுகிறது. இன்ஜெக்டரை மேல்நோக்கி இழுக்கவேண்டும். இரண்டரைக் கிலோக் கட்டியைத் தூக்குவதற்கே கையின் 80 நியூட்டனில் 25 போய்விடும், 20 ஜூலுக்குப் பதில் 14தான் தேறும். தளப்பலகை தலைக்குமேல் நெருங்கி ஓட்டத்தூரம் பாதியானால் அதுவும் ஏழாகிவிடும். எடையை இரட்டித்தால் சரியாகும் என்று தோன்றும். ஆனால் ஐந்து கிலோவைத் தூக்க 50 நியூட்டன் போய், மிஞ்சும் 30இல் ஏழு ஜூல் நான்காகக் குறையும். ஆகையால் படகுக்குள் இலேசான கட்டியும், இடம் தரும் மட்டும் நீண்ட கம்பியும், அதிக எண்ணிக்கையிலான அடிகளுமே பொருந்தும். கராஜுக்குச் செய்த அளவை அப்படியே எஞ்சின் குழிக்குள் இறக்குவதில் பயனில்லை.