மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் திரைப்படங்கள்

மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் திரைப்படங்கள் என்பவை, சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் தயாரித்த, குற்றத்தையும் புலனாய்வையும் கதைக்கருவாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் ஆகும். இவற்றுள் புகழ்பெற்றவை 1950 முதல் 1970 வரை வெளிவந்தன. நல்லவர், தீயவர் என்று நடிகர்களின் முகத்தைக் கொண்டே முடிவு செய்யும் பார்வையாளரின் வழக்கத்தை மாற்றிப் பயன்படுத்தியது இப்படங்கள் பலவற்றின் சிறப்பியல்பாகும்.

பின்னணி

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் (1907-1963) இந்நிறுவனத்தை 1930களின் நடுப்பகுதியில் தொடங்கினார். இதன் படப்பிடிப்பு நிலையம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலம்-ஏற்காடு சாலையில் அமைந்திருந்தது. முதல் படமான சதி அகல்யா 1937ஆம் ஆண்டு வெளிவந்தது. படத்தயாரிப்புக்குத் தேவையான பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருந்தமையால், சென்னையைச் சாராமல் தொடர்ந்து படங்களைத் தயாரிக்க இந்நிறுவனத்தால் இயன்றது. சுந்தரத்தின் மறைவுக்குப் பின் அவருடைய மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்றார். இவர் ஆர். சுந்தரம் என்னும் பெயரில் படங்களையும் இயக்கினார்.

திகம்பர சாமியார்

திகம்பர சாமியார் (1950), வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினத்தைத் தழுவி டி. ஆர். சுந்தரம் இயக்கிய படம் ஆகும். இதில் துப்பறிபவராக எம். என். நம்பியார் பதினொரு மாறுவேடங்களில் தோன்றினார். அதே ஆண்டில் இதே நிறுவனத்தின் மந்திரிகுமாரி படத்தில் இவர் சூழ்ச்சி செய்யும் இராஜகுருவாக நடித்திருந்தார். பிற்காலத்தில் எதிர்நாயகனாகவே அறியப்பட்ட நம்பியார் இப்படத்தில் உண்மையைக் கண்டறிபவராக வருவது, இன்று பார்ப்போருக்கும் வியப்பளிக்கிறது.

1960களின் படங்கள்

1962இல் தொடங்கிய ஜேம்ஸ் பாண்ட் திரைப்பட வரிசையின் தாக்கம் தமிழ்த் திரையுலகிலும் காணப்பட்டது. அக்காலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட படங்களுள் சில:

* வல்லவனுக்கு வல்லவன் (1965) – வில்லன் வேடங்களுக்குப் பெயர்பெற்ற எஸ். ஏ. அசோகன் இதில் நாயகன். காதல் மன்னன் எனப்பட்ட ஜெமினி கணேசன் எதிர்மறை வேடம் ஏற்றார்.
* இரு வல்லவர்கள் (1966) – குற்றக்கதைப் படம். ஜெய்சங்கருடன் ஆர். எஸ். மனோகர் மற்றொரு முதன்மை வேடத்தில் நடித்தார்.
* வல்லவன் ஒருவன் (1966) – ஜெய்சங்கர் துப்பறியும் அதிகாரியாக நடித்த படம்.
* சி.ஐ.டி. சங்கர் (1970) – ஜெய்சங்கர் நடித்த மற்றொரு துப்பறியும் படம்.

இந்நான்கு படங்களுக்கும் வேதா இசையமைத்தார். இந்தித் திரைப்பாடல்களின் மெட்டுகளைத் தமிழுக்கேற்ப அமைப்பதில் இவர் பெயர்பெற்றவர். இத்தகைய வேடங்களால் ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என அழைக்கப்பட்டார்.

நீடித்த ஈர்ப்பு

இப்படங்களின் நாயகன் அரசனோ அவதார புருடனோ அல்லன்; பெரும்பாலும் அரசு ஊழியனான ஒரு துப்பறியும் அதிகாரி. அவனது வலிமை மாறுவேடத்திலும் கூர்ந்த கவனிப்பிலும் உள்ளது. நன்கு அறிந்த முகத்தையும் நம்ப இயலாத நிலையில், பார்வையாளரும் துப்பறியத் தொடங்குகின்றனர். குற்றவாளி யார் என்பது தெரிந்த பின்னரும், விட்டுப்போன தடயங்களைக் கவனிப்பதற்காக மீண்டும் பார்க்கத் தூண்டுவது இதுவே எனலாம். சி.ஐ.டி. சங்கரில் நடித்த ஏ. சகுந்தலா, 2024இல் மறையும் வரை 'சி.ஐ.டி. சகுந்தலா' என்றே அறியப்பட்டது, இப்படம் மக்கள் நினைவில் பெற்ற இடத்தைக் காட்டுகிறது.

இன்றைய நிலை

மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தயாரிப்பை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆகின்றன. படப்பிடிப்பு நிலையம் இருந்த நிலம் குடியிருப்புப் பகுதியாக மாறிவிட்டது. நிறுவனத்தின் பெயர் தாங்கிய நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் எஞ்சியுள்ளது. அங்கு உருவான படங்கள் தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வழியாகப் புதிய தலைமுறையினரைச் சென்றடைகின்றன.