சாறு சொன்ன சாட்சி

செடிகளின் உறவை மலரும் இலையும் காயும் சொல்லும் என்பதே நெடுங்கால வழக்கு. அவரைக் குடும்பத்தை அதன் காயைக் கொண்டே நாம் அடையாளம் காண்கிறோம். ஆயினும் நெருங்கிய இனங்கள் தம்முள் கலந்து விளைந்த இடத்தில் இப்புறச் சாட்சிகள் தடுமாறுகின்றன. அங்கே செடியின் சாற்றையே சாட்சிக்கு அழைத்த வரலாறு ஒன்று உண்டு.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் பாப்டீசியா என்னும் அவரைக் குடும்பச் செடி வளர்கிறது. அவுரிக்கு மாற்றாக அதிலிருந்து நீலச் சாயம் எடுத்தனர். சாயத்தில் தோய்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயருக்கு மூலம். திருமுழுக்கைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. டெக்சாஸ் மாநிலத்தில் இதன் நான்கு இனங்கள் அருகருகே பூக்கின்றன. ஒன்றின் மலர் வெண்மை, ஒன்று வெண்ணெய் நிறம், ஏனைய இரண்டும் மஞ்சள். தேனீக்களோ நாம் வகுத்த எல்லைகளை மதிப்பதில்லை! நான்கு இனங்களிடையே ஆறு வகைக் கலப்புகள் தோன்றக்கூடும். அவை மீண்டும் பெற்றோருடன் கலந்தால், எது எதன் பிள்ளை?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆல்ஸ்டனும் பில்லி டர்னரும் இவ்வினாவைத் தாள் வண்ணப்பிரிகை முறையால் அணுகினர். இலைச்சாற்றைத் தடித்த தாளின் ஒரு மூலையில் துளியாக இட்டு, ஒரு கரைப்பானை ஒரு திசையில் ஊறவிடுவர். தாள் உலர்ந்தபின் அதைத் திருப்பி, வேறொரு கரைப்பானை ஊறவிடுவர். புற ஊதாக் கதிரின் கீழ் ஃபிளேவனாய்டுகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு புள்ளிக்கோலம். கலப்பினத்தின் தாளிலோ தாயின் கோலமும் தந்தையின் கோலமும் பெரும்பாலும் ஒருங்கே காணப்பட்டன. உருவம் மறைத்த பெற்றோரைத் தாள் காட்டிக்கொடுத்தது. 1963இல் இருவரும் உயிர்வேதியியல் வகைப்பாடு பற்றிய நூலை வெளியிட்டனர். நான்கே ஆண்டுகளில், 1967இல், ஆல்ஸ்டன் மறைந்தார். டர்னர் 2020 வரை வாழ்ந்தார்.

இச்சாட்சியையும் கண்மூடி ஏற்பதற்கில்லை என்பது நம் கருத்து. தொடர்பற்ற செடிகளும் ஒரே பொருளை உண்டாக்கக்கூடும். உறவுள்ள செடியொன்று அதை இழந்திருக்கவும் கூடும். வாளவரையிலிருந்து 1929இல் கண்டறியப்பட்ட கனவனைன் என்னும் அமினோ அமிலத்தையே காண்போம். லண்டனில் ஆர்தர் பெல் முதலியோர் எண்ணற்ற விதைகளை ஆய்ந்து, அவரைக் குடும்பத்தில் அது பட்டாம்பூச்சி வடிவ மலருடைய துணைக்குடும்பத்தில் மட்டுமே உண்டு என்று கண்டனர். அத்துணைக்குடும்பத்திலும் எல்லாச் செடிகளிலும் அது இல்லை. பாப்டீசியாவில் அதற்குப் பதிலாக ஆல்கலாய்டுகள் உள்ளன.

பின்னர் மரபணுக்களைக் கொண்டு இக்குடும்பத்தின் கிளைகளை வரைந்தபோது, கனவனைன் உள்ள செடிகள் பெரும்பாலும் ஒரே பெருங்கிளையில் சேர்ந்து நின்றன. புரதத்தில் சேராத அமினோ அமிலங்களைச் சேமிக்கும் கிளை என்றே அறிஞர் அதற்குப் பெயரிட்டுள்ளனர்.